நாலு இஞ்ச் கட்டைக்காக ஒரு மட்டமான பஸ் பயணம்: அகமதாபாத், பேத்தாபூர், அஜ்ரக்பூர்

துணிக்கு அச்சடிக்கும் மரக்கட்டையை வைத்துக் கையால் ஒரு மடிப்புப் புத்தகம் செய்யத்தான் இந்தக் குஜராத் பயணம். அகமதாபாத்திலிருந்து கச்சில் இருக்கும் புஜ் போக ராத்திரி படுக்கை பஸ்ஸை மட்டும் பிடிக்காதீர்கள். 330 கிலோமீட்டர் சொச்சம் தூரம், ரயிலிலேயே போகலாம். ஏசி பஸ் என்று காசு வாங்கினார்கள். ஏசி காற்று வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. அதுவும் மேல் படுக்கையில், கையால் செய்த தாள் சுருள் வைத்திருந்த பக்கமாகப் பார்த்து. தாள் பிழைத்ததற்கு பிவிசி குழாய்தான் காரணம். இரண்டு முனைக்கும் மூடி போட்டிருந்தது. ஆனால் தாளை முதலில் வாங்கியதே தப்பு.

துணி அச்சைப் பார்த்துவிட்டு அதே மாதிரி கையால் புத்தகம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தாளில்தான் தொடங்குகிறார்கள். நல்ல தாளாக வாங்கி, அழகாக மடித்து, கடைசியில் கட்டையை வைத்தால் பூ பாதி இந்தப் பக்கம், பாதி மடிப்பில். துணிக்காரர்கள் கணக்கே வேறு. கட்டை எவ்வளவோ, அதுதான் ரிபீட், அதாவது டிசைன் மறுபடி வருகிற தூரம். மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான். புத்தகத்திலும் கட்டையின் அகலம்தான் பக்கத்தின் அகலம். அதனால் வரிசை இது: முதலில் பழங்காலத் துணியைப் பார்ப்பது, பிறகு கட்டை, கடைசியில் தாள்.

பழந்துணிக்கு அகமதாபாத் ஷாஹிபாகில் இருக்கும் காலிகோ துணி அருங்காட்சியகம். 1949இல் சாராபாய் குடும்பத்தார் தொடங்கியது. அனுமதி இலவசம், பட்ஜெட்காரர்களுக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனால் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். புதன்கிழமை விடுமுறை. படம் எடுக்கக் கூடாது. டேப் வைத்து அளக்கவும் முடியாது என்பதால், உங்கள் சாண் எத்தனை இஞ்ச், கட்டைவிரல் அகலம் எத்தனை என்று வீட்டிலேயே அளந்து மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

அங்கே பூவைப் பார்க்காதீர்கள், ஒட்டு விழும் இடத்தைப் பாருங்கள். கட்டை அச்சுத் துணியில் ஒரு கட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கோடு மயிரிழை விலகியிருக்கும். இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரு சொட்டு கருத்திருக்கும். அடுத்தடுத்த இரண்டு ஒட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் ரிபீட். கையால் எழுதிய கலம்காரியில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், இருக்காது. வெளியே வந்ததும் சாப்பாட்டுக்கு ஓடாமல் முதல் அரைமணியில் நினைவிலிருப்பதை வரைந்துவிடுங்கள். தாலி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் நினைவில் நிற்காது. அதோடு வரும் கடியை (குஜராத்தி மோர்க்குழம்பு) மூன்று கிண்ணம் குடித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பழந்துணிகளில் பல இடங்களில் சிவப்பு அப்படியே நிற்கும், கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் அரித்துப் போய் நூல் தெரியும். அந்தக் கறுப்பு, இரும்பும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த நீர், கடுக்காய் ஏற்றிய துணியில் பட்டு உண்டானது. இரும்பு நாளடைவில் நூலைத் தின்றுவிடும். தாளையும் தின்னும். ‘அசல் முறை’ என்று ஆசைப்பட்டு அந்தக் கறுப்பைப் பக்கத்தில் அடிக்காதீர்கள். கார்பன் கறுப்பு போட்ட நீர் இங்க் போதும்.

அச்சுக்கட்டை பேத்தாபூரில். காந்திநகரை ஒட்டிய ஊர், தேக்கில் செதுக்குகிறார்கள். பலவண்ண டிசைனுக்கு மூன்று கட்டை: கோட்டுக்கு ரேக், பின்னணிக்கு கத், உள்நிரப்புக்கு தத்தா. புத்தகத்துக்கு ரேக்கும் தத்தாவும் போதும், காசும் மிச்சம். ஆர்டர் கொடுக்கும்போது தாளுக்கு என்பதை அழுத்திச் சொல்லுங்கள். துணி சாயத்தை உறிஞ்சிவிடும், தாளில் அது மேலேயே நிற்கும். பள்ளம் கால் இஞ்ச்சாவது இல்லாவிட்டால் இங்க் தேங்கி, கோட்டைச் சுற்றி அழுக்கு வளையம் விழும். எழுத்து வேண்டுமென்றால் டிரேசிங் தாளில் எழுதி, நீங்களே கண்ணாடி பிம்பமாகத் திருப்பிக் கொடுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் ‘ழ’வை நேராகச் செதுக்கிக் கொடுத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தாளில் எழுத்து இடம் வலம் மாறி நிற்கும், அவ்வளவுதான்.

சந்தையில் பழைய கட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குமுன் கண்ணாடிமேல் கவிழ்த்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். ஆடினால் வளைந்த கட்டை. நடுவில் அச்சு விழாது. அலமாரியில் வைக்கத்தான் ஆகும். புதுக் கட்டையை எண்ணெயில் பத்து நாளாவது ஊறவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் குடித்து அதுவும் வளையும்.

அட்டைத் துணிக்கு அஜ்ரக்பூர். அஜ்ரக் என்ற கட்டை அச்சுத் துணி செய்கிற ஊர், புஜ்ஜிலிருந்து கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 800 ரூபாய் கேட்டார், போக வர, காத்திருப்போடு 450இல் முடிந்தது. ஏறுவதற்கு முன்பே ‘காத்திருப்பும் சேர்த்து’ என்று பேசிவிடுங்கள், திரும்பி வந்தபின் அது தனி வழக்காகும். 2001 பூகம்பத்துக்குப் பிறகு கச்சில் உள்ள தமட்கா கிராமத்தில் தண்ணீரில் இரும்பு கூடிப்போனதால் அச்சுக்காரர்கள் இடம்பெயர்ந்து உண்டாக்கிய ஊர் இது. இரும்பு கலந்தால் படிகாரம் போட்டு ஏற்றும் சிவப்பு மங்கிவிடும். அட்டைக்கான துணியை இங்கேயே வாங்குங்கள், அரை மீட்டரே ஏராளம். புஜ் பஸ் நிலையத்தருகே தபேலி (உருளைக்கிழங்கு மசாலா வைத்த பன்) சாப்பிடுங்கள், இரண்டு போதாது.

இனி புத்தகம். விசிறி மாதிரி மாறி மாறி மடிக்கிற வகை. 22×30 இஞ்ச் பருத்தித் தாள், கனம் 150 முதல் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). 300க்குப் போனால் மடிப்பில் வெடிக்கும். கட்டை 4 இஞ்ச் என்றால் பக்கம் 4 அகலம், 5 உயரம். ஒரு தாளில் 5 இஞ்ச் உயரத்தில் நாலு பட்டை; ஒவ்வொன்றிலும் ஏழு பக்கம், அதாவது 28 இஞ்ச், வலது முனையில் அரை இஞ்ச் ஒட்டுநாக்கு. பக்கங்களைக் குறிக்கும்போது எப்போதும் இடது ஓரத்திலிருந்தே அளங்கள்: 4, 8, 12 என்று. முந்தின கோட்டிலிருந்து அளந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் பிசகி, ஏழாவதில் கட்டை மடிப்பைத் தாண்டி நிற்கும்.

அச்சடித்து, காயவிட்டு, அதன்பிறகு மடிப்பது. மடித்த தாளில் அடித்தால் மடிப்போரம் வெள்ளைக் கோடு விழும். தாளை நனைக்கவும் வேண்டாம். நனைத்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும், 28 இஞ்ச்சில் கணக்கு கண்ணுக்குத் தெரிகிற அளவு தப்பும். மேசையில் கம்பளியை நாலு மடிப்பாகப் போட்டு, இங்க்கை ரோலரால் மெல்லிசாகக் கட்டையில் ஓட்டி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தட்டு. கம்பளி அதிகமானால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி உளித் தழும்பெல்லாம் பதியும். முதல் நாலைந்து அச்சு வெளிறித்தான் வரும், மரம் குடிக்கிறது. கழிவுத் தாளில் அடித்துவிடுங்கள்.

ரொம்பப் பேர் மாட்டிக்கொள்வது மடிப்பில். முதல் பட்டையில் முதல் மடிப்பு பள்ளம் (அச்சு உள்ளே), அடுத்தது மேடு (அச்சு வெளியே), இப்படி மாறி மாறி. ஏழு ஒற்றைப்படை என்பதால் இரண்டாவது பட்டை மேட்டில் தொடங்க வேண்டும். மூன்றாவது மறுபடி பள்ளம், நாலாவது மேடு. நாலையும் ஒரே மாதிரி மடித்துவிட்டு ஒட்டினால் புத்தகம் மூடாது. ஒட்டுநாக்கு அடுத்த பட்டையின் முதுகில் போகும். மொத்தம் 28 பக்கம். மூன்று பட்டை போதும் என்று நிறுத்தினால் 21. கடைசிப் பக்கத்தின் அச்சு வெளியே திரும்பி, அட்டைக்கடியில் போய்விடும். ஒன்றை வெட்டி 20 ஆக்குங்கள்.

அட்டை 4¼×5¼, 2.5 மில்லிமீட்டர் கனம், இழையோட்டம், அதாவது அட்டையின் நார் ஓடும் திசை, மடிப்புகளுக்கு இணையாக. துணி சுற்றிலும் முக்கால் இஞ்ச் கூடுதல். அஜ்ரக் துணியை நேரே ஒட்டினால் பசை மேலே கசிந்து திட்டாகும். முதல்நாளே துணியின் பின்னால் டிஷ்யூ தாளை ஸ்டார்ச் பசையால் ஒட்டிக் காயவைத்துவிடுங்கள். அட்டை துணிப் பக்கமாக வளையும், பயப்பட வேண்டாம். முதல் பக்கத்தின் பின்புறத்தை அட்டையின் உட்புறம் ஒட்டியதும் அது எதிர்த்து இழுக்கும். பட்டர் தாள் இடையில் வைத்து, ஒரு ராத்திரி பாரத்தின்கீழ். பாரத்துக்குக் கட்டையை வைக்காதீர்கள், எண்ணெய் இறங்கும்.

நாலு பட்டை வெட்டியபின் 2 இஞ்ச் அகலத்தில் ஒரு நீளத் துண்டு மிஞ்சும். தூக்கிப் போடாதீர்கள், இங்க் சோதனைக்கு அதே தாள்தான் வேண்டும்.