சாமிக்கு விட்ட கிடா

ஜூலை 16, 2025, புதன்

விடியற்காலை நாலரைக்கு ஆயா போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன். ஆட்டுக் கொட்டாயின் பின்பக்கப் படலைக் கட்டியிருந்த கம்பி அறுந்து கிடந்தது. பதினோரு உருப்படியில் மூன்றைக் காணோம். இரண்டு கிடா, ஒரு தாய் ஆடு. தாய் ஆடு ஈன்று இருபது நாள்தான் ஆகிறது. குட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது இன்னும் கத்திக்கொண்டே இருக்கிறது.

கிடாக்களில் ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஆடி மூன்றாம் வெள்ளிக்கு அம்மனுக்கு என்று நேர்ந்து விட்டது. நாளை ஆடி பிறக்கிறது. ஊர் ஊராகக் கூழ் ஊற்றிக் கிடா வெட்டும் மாதம். திருடனுக்கும் இதுதான் சீசன்.

நாய்க்கு எதைப் போட்டார்களோ, மதியம் வரை தள்ளாடியது. வரப்போரம் கார் டயர் தடம் இருந்தது. நைனா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 17, வியாழன்

ஆம்பூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுக் காவல் நிலையம் போனேன். "ஆட்டுக்கு என்ன அடையாளம்?" சுட்டியைச் சொன்னேன். "சுட்டி வச்ச ஆடு இந்தப் பக்கம் எத்தனை இருக்கும், நீயே சொல்லு" என்றார் எழுதுகிறவர். கேள்வி நியாயம்தான். ஆனால் அடுத்து, மூன்றுக்கும் சேர்த்து மதிப்பு நாலாயிரம் என்று போடச் சொன்னார். அது எனக்கு உதைத்தது.

வெளியே வந்து, வேலூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன். "போடாதே மாப்ளே" என்றார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதுத் தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கு 303-வது பிரிவு. போன பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால், முதல் தடவை மாட்டுகிறவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமூக சேவையோடு போய்விடலாம். கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்கிற வகையிலும் அது வராதாம்.

உள்ளே போய் 32,000 என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டிப் போட்டதில்லை, சந்தை விலையே அதுதான். புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. எஃப்.ஐ.ஆர். அப்புறமாம்.

ஜூலை 18, வெள்ளி

ஒடுகத்தூர் சந்தை. இருட்டோடு நானும் நைனாவும் போய்விட்டோம். முதல் ஆடி வெள்ளி, நிற்க இடமில்லை. ஓரமாக ஒரு வியாபாரி கையில் எங்கள் தாய் ஆடு! அதே கறுப்பு, அதே மடிந்த காது. கயிற்றைப் பிடித்துவிட்டேன். "எங்க ஆடு இது, யார்கிட்ட வாங்கின?" என்று கத்தியும்விட்டேன். கூட்டம் சேர்ந்தது. யாரோ அவர் சட்டையில் கை வைத்தார்கள்.

நைனா குனிந்து மடியைத் தொட்டுப் பார்த்தார். "நம்முளுதுக்கு இடது காம்பு சிறுத்திருக்கும். இது அது இல்லப்பா, விடு."

நைனா வராமல் இருந்திருந்தால் அந்த மனுஷன் அடி வாங்கியிருப்பார். மன்னிப்புக் கேட்டேன். ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து ஆடு பிடித்து வருகிறவராம். அவரே டீ வாங்கிக் கொடுத்தார். "திருட்டு ஆடு சந்தைக்கு வராது தம்பி. ராத்திரியே கறிக்குப் போயிடும். தோலை உரிச்சிட்டா எல்லா ஆடும் ஒரே ஆடுதான்."

கம்பெனியில் நான் வெட்டுவது ஷூவின் உள்பக்க லைனிங். ஆட்டுத் தோல். டீ உள்ளே இறங்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

கே.வி.குப்பம் சந்தைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. இல்லை.

ஜூலை 24, வியாழன்

பக்கத்து ஊரில் பட்டப்பகலில், மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை இரண்டு பேர் நடுவில் வைத்து பைக்கில் அடித்துக்கொண்டு போனார்களாம். இன்று ராத்திரியிலிருந்து எங்கள் தெருப் பையன்கள் காவல். கையில் தடி, டார்ச். துரத்திப் பிடிப்போம் என்று ஒரே வீராப்பு. நைனா திருச்சி பக்கத்து நவல்பட்டை ஞாபகப்படுத்தினார். 2021 நவம்பரில் சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் ஆடு திருடர்களைத் துரத்திப் பிடித்து, அவர்கள் கையாலேயே வெட்டுப்பட்டுச் செத்தார். "போலீசுக்கே அந்த கதி. நீங்க விசில் அடிங்க, வண்டி நம்பரைப் பாருங்க, போதும்." பையன்கள் தலையாட்டினார்கள். தடியைக் கீழே வைக்கவில்லை.

சந்தையில் நான் நடந்துகொண்டதை நினைத்தால் இந்தத் தடிகள்தான் எனக்குப் பயமாக இருக்கின்றன.

ஜூலை 27, ஞாயிறு

மிச்சமிருக்கும் எட்டையும் போட்டோ எடுத்தேன். முகம், இரண்டு பக்கம், காம்பு. ஒன்றும் நிற்க மாட்டேன் என்கிறது. "ஆதார் கார்டு எடுக்கறியா?" என்றாள் ஆயா. குட்டி பாட்டிலில் பால் குடிக்கப் பழகிவிட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்றாம் வெள்ளி. கடன் வாங்கியாவது வேறு கிடா வாங்கலாம் என்று நைனா சொன்னார். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. கூழை மட்டும் தூக்கிக்கொண்டு போனோம். சன்னதியில் நின்று, பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னாள்: "போன ரெண்டைத்தான் நான் கேட்கணும். உன் கிடாவை நீதான் பார்த்துக்கினு இருந்திருக்கணும்."