கோழிக்கூண்டுக் கதவும் 9 கிராம் மோட்டாரும்

ஜூன் 3, 2024, கோபிசெட்டிப்பாளையம்

அந்தியில் தானாக இறங்கும் கூண்டுக் கதவு செய்து தருவதாக அம்மிச்சியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கையில் இருப்பது எஸ்ஜி90 சர்வோ, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் 9 கிராம் மோட்டார். கதவை ஏற்றச் சொன்னால் நடுங்கி, முனகி, நின்றுவிடுகிறது. தராசில் வைத்தேன்: கதவு 300 கிராம். மோட்டாரில் பூட்டிய கை 10 செ.மீ. கை படுக்கைவாட்டில் வரும்போது 3 கிலோ-செ.மீ. முறுக்குவிசை தேவை. 4.8 வோல்ட்டில் இதன் உச்சமே 1.8, அதுவும் அச்சு அசையாமல் திணறி நிற்கும் நிலையில். ஓடுவதற்கு அதில் பாதியை நம்பலாம். கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

ஜூன் 4

மோட்டார் திணறும்போதெல்லாம் அதற்குக் கட்டளை தரும் ஆர்டுயினோ பலகை அணைந்து எழுகிறது. சர்வோவுக்குத் தனியாக நான்கு ஏஏ பேட்டரி, 6 வோல்ட். பலகை, பேட்டரி இரண்டின் கிரவுண்டையும் (எதிர்முனைக் கம்பி) இணைக்க மறந்துவிட்டு அரை மணி நேரம் நிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அணைவதில்லை. கதவும் எழவில்லை.

ஜூன் 6

கையை 5 செ.மீ. ஆக்கினேன். பாரம் பாதி, ஆனால் கதவு ஏறுவதும் 10 செ.மீ.தான். சேவல் மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டும். பற்சக்கரம் வைத்து விசையை இரட்டித்தாலும் இதே கதை: 180 பாகை 90 ஆகிவிடும். 55 கிராம் எடையுள்ள பெரிய சர்வோ, எம்ஜி996ஆர் வாங்கிவிடலாமா?

ஜூன் 9, ஞாயிறு

அம்மிச்சி பழைய கிணற்றைக் காட்டி, "உன் அப்பிச்சி கவலை ஓட்டும்போது வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார் கண்ணு. மாட்டுக்குப் பாரம் தெரியாது" என்றார். கவலை என்பது மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைப்பது: மாடுகள் சரிவில் இறங்க, ஆளின் எடையும் வடத்தை அழுத்த, நீர் மொள்ளும் சால் மேலே வரும். எனக்கு உறைத்தது அப்போதுதான். மாட்டை மாற்றவில்லை அவர்!

மாத்திரை டப்பாவில் மணல் நிரப்பி, கப்பி வழியே கதவின் மறுமுனையில் கட்டினேன். 220 கிராம். மிச்சம் 80. பத்து செ.மீ. கைக்கு 0.8தான் வேண்டும். கதவு சத்தமின்றி ஏறியது. தன் 80 கிராமில் தானே இறங்கியது.

ஜூன் 10

இரவு மழை. பிளைவுட் கதவு ஊதி, அது ஓடும் காடியில் சிக்கிக்கொண்டது. மெழுகுவத்தி தேய்த்தபின் ஓடுகிறது. சேவல் மணல் டப்பாவைக் கொத்திக்கொண்டிருக்கிறது.