போர்டில் ‘நான்’ வேண்டாம், ‘எனக்கு’ வையுங்கள்

பேச்சு வராத குழந்தை படத்தைத் தொட்டுப் பேசுவதற்கான கம்யூனிகேஷன் போர்டு தேவை என்றால், இங்கிலீஷ் போர்டு ஒன்றை டவுன்லோட் செய்து ‘ஐ’க்கு நான், ‘வான்ட்’டுக்கு வேணும் என்று மாற்றுவதுதான் முதல் யோசனையாக வரும். குழந்தை இரண்டையும் தொடும். வருவது ‘நான் வேணும்’. கடலூரிலோ புதுச்சேரியிலோ எந்த வீட்டிலும் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். எனக்குத் தண்ணி வேணும், எனக்குப் பசிக்குது, எனக்கு வலிக்குது, எனக்குத் தெரியல: ஒரே ‘எனக்கு’ இத்தனைக்கும் போதும். ‘நான்’ இல்லாமலே ‘போகணும்’ முழுப் பேச்சாகிவிடுவதால், அந்தக் கட்டத்தை முதல் போர்டில் வைக்காமலே விடலாம்.

வினைச்சொல்லில் சிக்கல் பெரியது. போறேன், போனான், போகல, போகலாமா என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் வைத்தால் போர்டு கொள்ளாது. ‘போ’ மட்டும் வைத்தால் அது கட்டளையாகிவிடும். நடுவழி ஒன்று உண்டு. போக, வர, சாப்பிட, விளையாட, தூங்க என்று ஐந்து கட்டம். அவற்றின் பின்னால் ஒட்டுவதற்கு ணும், வேணாம், லாமா, ட்டுமா, முடியல, ல என்று ஆறு கட்டம். 11 கட்டத்தில் 30 பேச்சு கிடைக்கும். தமிழில் வினை கடைசியில் வருவதால் ஆட்கள் இடது ஓரம், பொருள்கள் நடுவில், வினை அதற்கடுத்து, இந்த ஒட்டுகள் வலது ஓரம். வழக்கமான வண்ணமுறையில் ஆட்களுக்கு மஞ்சள், வினைக்குப் பச்சை. ஒட்டுகளுக்கு ஒரு தனி நிறம் கொடுங்கள். பாட்டியைக் கூப்பிட ‘வாங்க’ தனியாக வேண்டும், ‘வா’ என்று கூப்பிட்டால் வீட்டில் ஒப்பமாட்டார்கள்.

‘போனேன்’ என்று சொல்ல இதில் வழியில்லை. ‘நேத்து’, ‘கடல்’, ‘போக’ என்று தொட்டால், கேட்பவர்தான் முடித்துச் சொல்ல வேண்டும். டேப்லெட்டிலோ வேறு தொல்லை: செயலி ‘போக’, ‘ணும்’ என்று துண்டு துண்டாக வாசிக்கும். அந்த 30ஐயும் அதே வயதுக் குழந்தை ஒன்றின் குரலில் பதிவு செய்து போடுவது நல்லது.

ஆராய்ச்சியின் முடிச்சும் இங்கேதான் விழுகிறது. போர்டில் வைப்பதற்காக அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல் எடுக்க, பேசும் குழந்தைகள் விளையாடுவதைப் பதிவு செய்து எண்ண வேண்டும். போறேன், போகல, போனான் ஒரு சொல்லா, மூன்றா? வேரை எண்ணினால் பட்டியல் சுருங்கும், வடிவத்தை எண்ணினால் பெருகும். எப்படி எண்ணினோம் என்று எழுதாத பட்டியலை நான் நம்பமாட்டேன்.

முன்னேற்றத்தை அளப்பதிலும் இதே கவனம் வேண்டும். போர்டு கொடுப்பதற்கு முன்பே, வேறு வேறு நாளில் மூன்று முறையாவது, 15 நிமிட விளையாட்டை வீடியோ எடுங்கள். பிறகு எண்ணும்போது, தானாகத் தொட்டது, கை காட்டிய பின் தொட்டது, கையைப் பிடித்துத் தொட வைத்தது என மூன்று பத்தி. மூன்றாவதை முதலாவதோடு சேர்த்தால் அது குழந்தையின் கணக்கே அல்ல, அம்மாவின் கணக்கு. ‘வேணும்’ என்று கேட்பதை மட்டும் எண்ணாமல் ‘பாரு’, ‘பிடிக்கல’ போன்றவற்றையும் எண்ணுங்கள்.

போர்டு கொடுத்தால் பேச்சே வராமல் போகும் என்ற பயத்துக்குப் பதில் உண்டு. 2006இல் மில்லர், லைட், ஷ்லாசர் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், சைகையோ படமோ கொண்டு பேசக் கற்ற 27 பேரில் 89 சதவீதத்தினருக்குப் பேச்சு கூடியது, யாருக்கும் குறையவில்லை.

படங்களுக்கு ஸ்பெயினின் அரகோன் அரசு தரும் அராசாக் (ARASAAC) படச் சின்னங்கள் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். நெத்திலிக் குழம்பையும் கடலூர் சில்வர் பீச்சையும் நீங்களே போட்டோ எடுக்க வேண்டியதுதான். ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் 8க்கு 5 என 40 கட்டம் வரும், ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை செ.மீ. கை நடுங்கும் குழந்தைக்கு 4க்கு 3 போதும், கட்டம் 7 செ.மீ. இருக்கும். தெரியாத சொற்களை வெள்ளைத் தாளால் மறையுங்கள். இடத்தை மாற்றாதீர்கள், கை பழகுவது இடத்துக்குத்தான். லேமினேஷன் மேட் ஆக இருக்கட்டும், பளபளப்பில் ட்யூப்லைட் அடித்துப் படம் தெரியாது. தாளைச் சுற்றி 5 மி.மீ. லேமினேஷன் ஓரம் விடாவிட்டால் கடற்கரை ஈரம் உள்ளே ஏறி, இங்க்ஜெட் மை கலங்கிவிடும். லேசர் பிரிண்ட் எடுப்பது மேல்.