மூன்று மாற்றங்கள், இரண்டு கோளாறுகள்

நன்றாகப் பாடிக்கொண்டிருந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயரை, சுருக்கமாக ஆம்பை, நானே கெடுத்தேன். கெடுக்க ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. சரிசெய்யத்தான் ஒன்பது இரவுகள் ஆயின.

ஆம்ப் சின்னதுதான். 1950களில் ஃபெண்டர் விற்ற சாம்ப் ஆம்பின் 5எஃப்1 சர்க்யூட்டை வைத்து, உதிரிப் பாகங்கள் வாங்கி நானே கோத்தது. உள்ளே மூன்றே வால்வுகள், அதாவது சூடாகி வேலைசெய்யும் கண்ணாடிக் குழாய்கள். ஏசியை டிசி ஆக்க ஒரு 5ஒய்3, கிட்டார் சிக்னலை இரண்டு கட்டமாகப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரைத் தள்ள ஒரு 6வி6. மொத்தம் ஐந்து வாட், திருக ஒரே ஒரு குமிழ். இரண்டு வருடமாக எந்தத் தொந்தரவும் தரவில்லை. தொந்தரவு தராத பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ரகம் நான்.

மூன்று மாற்றங்கள் செய்ய ஆசைப்பட்டேன். முதல் கட்டத்துக் கேத்தோடில் (வால்வுக்குள் எலக்ட்ரான் கிளம்பும் முனை) 1,500 ஓம் ரெசிஸ்டர் ஒன்று தனியாக இருக்கும். அதன் குறுக்கே 25 மைக்ரோஃபாராட் கெபாசிட்டர் ஒன்றை வைத்தால் அந்தக் கட்டத்தின் பெருக்கம் முப்பது சொச்சத்திலிருந்து அறுபதுக்குப் போகும். இது ஒன்று. ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து 22,000 ஓம் வழியாகக் கொஞ்சம் சிக்னல் இரண்டாம் கட்டத்துக் கேத்தோடுக்குத் திரும்பி வரும். நெகட்டிவ் ஃபீட்பேக் என்பது அதுதான். அதை வேண்டும்போது துண்டிக்க ஒரு சுவிட்ச். இது இரண்டு. மூன்றாவது, 6வி6இன் சிக்னலை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பழைய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று. அடித்தொனி கனமாக வரும் என்ற நப்பாசை.

ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கலாம். ஆனால் சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கிறது, கையும் ஓடுகிறது, பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸிஸை எதற்கு மூன்று முறை கழற்ற வேண்டும் என்று ஒரே மூச்சில் மூன்றையும் முடித்தேன். பெட்டிக்குள் ஏற்றி, கிட்டாரைச் செருகி, சுவிட்சைப் போட்டேன்.

இருபது விநாடிகள் ஒன்றும் இல்லை. அது வழக்கம்தான், வால்வு சூடாக வேண்டும். அப்புறம் ஸ்பீக்கரில் ஒரு கனத்த உறுமல். பின்னால் எட்டிப் பார்த்தால் 6வி6 சிவந்துகொண்டிருந்தது. நடுவிலுள்ள ஹீட்டர் கம்பியின் இதமான ஆரஞ்சு நிறம் அல்ல. வெளியே சாம்பல் நிறத் தகடாக இருக்குமே பிளேட், அதன் பக்கவாட்டில் அடுப்பில் வைத்த இரும்புபோல ஒரு சிவப்புத் திட்டு பரவியது. பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. சுவிட்சை அணைத்தேன்.

அடுத்த நாள் சீரிஸ் பல்ப் ஒன்றைத் தயார்செய்தேன். ஆம்புக்குப் போகும் மின்சாரத்தை 60 வாட் குண்டு பல்ப் ஒன்றின் வழியாக அனுப்புவது, அவ்வளவுதான். எல்இடி பல்ப் இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்ப்தான் வேண்டும். ஆம்ப் சரியாக இருந்தால் பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கும். உள்ளே எங்காவது மின்னோட்டம் கட்டுமீறிப் போனால் பல்ப் மங்காது, அதிகப்படி வோல்டேஜை அதுவே வாங்கிக்கொள்ளும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். முதல் நாளே இதைப் போட்டிருக்க வேண்டிய ஆள், வால்வைச் சிவக்க வைத்துவிட்டு மறுநாள் போட்டேன்.

பல்ப் மங்கவில்லை. வேறொரு 6வி6 செருகிப் பார்த்தேன், அப்போதும் மங்கவில்லை. சரி, வால்வு குற்றவாளி இல்லை.

அடுத்த சந்தேகம் புது டிரான்ஸ்ஃபார்மர். இருப்பதிலேயே பெரிய பொருள், புதிதாக வந்த பொருள், அதன்மேல் பழிபோடுவது சுலபம். மூன்று இரவுகள் அதிலேயே போயின. சுருள்களின் ஓம் அளந்தேன், வயர் நிறங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், பழையதையே மறுபடி மாட்டினேன். பழையதிலும் அதே கதை. திட்டிக்கொண்டே புதியதைத் திரும்ப மாட்டினேன்.

அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். 6வி6 சிவக்கிறது என்றால் அதன் வழியாக மின்னோட்டம் அளவுக்கு மேல் ஓடுகிறது. இந்த சர்க்யூட்டில் அதைக் கட்டுப்படுத்துவது கேத்தோடுக்கும் சேஸிஸுக்கும் நடுவிலுள்ள 470 ஓம் ரெசிஸ்டர். மின்னோட்டம் அதன் வழியாகப் போகும்போது கேத்தோட் இருபது வோல்ட் அளவுக்கு உயரும். வால்வின் ஓட்டத்தை அடக்கும் கம்பி வலையான கிரிட் பூஜ்யத்தில் இருப்பதால், கேத்தோடைப் பொறுத்தவரை கிரிட் இருபது வோல்ட் கீழே இருக்கும். அதுதான் கடிவாளம். அந்த இருபது வோல்ட் இல்லையென்றால் வால்வு தறிகெட்டு ஓடும்.

ஆகவே அளக்க வேண்டிய இடம் 6வி6இன் எட்டாம் பின், அதாவது கேத்தோட். சேஸிஸைப் பெட்டியிலிருந்து எடுத்து, திறந்த பக்கம் மேலே பார்க்க மேசைமேல் கிடத்தினேன். ஸ்பீக்கரை மறக்காமல் இணைத்தேன், லோடு இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். மல்டிமீட்டரின் கறுப்பு வயரைக் கிளிப்பால் சேஸிஸில் மாட்டிவிட்டு, இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும் தொட்டு அளந்தேன். இந்த ஒற்றைக் கைப் பழக்கம் வேடிக்கையாகத் தெரியலாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, இரண்டு கையும் உள்ளே போனால் அது நெஞ்சு வழியாகப் போக வழி கிடைக்கும்.

பல்ப் மங்கியது. மீட்டரும் ஒழுங்கான எண்ணைக் காட்டியது. பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்தேன். 19.6 வோல்ட். 470ஆல் வகுத்தால் 41 மில்லியாம்பியர் சொச்சம். பிளேட்டில் 12, 13 வாட்தான் செலவாகும், 6வி6 தாங்கும் 14 வாட்டுக்குள். வால்வு சிவக்கவே இல்லை. கிட்டாரைச் செருகினால் அருமையான சத்தம்!

சந்தோஷமாகப் பெட்டிக்குள் ஏற்றினேன். சிவந்தது.

வெளியே எடுத்தேன். சரியானது. ஏற்றினேன். சிவந்தது. மூன்றாவது முறை ஏற்றும்போது, எனக்கும் இந்தப் பெட்டிக்கும் ஏதோ முன்விரோதம் என்றுகூடத் தோன்றியது. உறங்கப் போய்விட்டேன்.

விடை படுக்கையில் வந்தது. பெட்டிக்குள் சேஸிஸ் பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும், மேசையில் மல்லாந்து கிடக்கும். மாறுவது பெட்டி இல்லை, கோணம். அப்படியானால் உள்ளே ஏதோ ஒன்று நகர்கிறது.

மறுநாள் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு முதலில் டிசியைச் சமனாக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களை வடித்தேன். பிளக்கைப் பிடுங்கினாலும் அவற்றில் முந்நூறு வோல்ட் தேங்கி நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் வேலை எனக்குப் பிடிக்காது. 10,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் உறை போட்ட கிளிப் வைத்திருக்கிறேன். ஒன்றைச் சேஸிஸில் மாட்டி, மற்றதை ஒவ்வொரு கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனையிலும் மாட்டிவிட்டு, ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததை மீட்டரில் பார்த்த பிறகே கையை உள்ளே விட்டேன். வேலை முடியும்வரை கிளிப்பை எடுக்கவில்லை, வடித்த கெபாசிட்டரிலும் கொஞ்சம் சார்ஜ் தானாகத் திரும்ப ஏறும்.

மீட்டரை ஓமுக்கு மாற்றி, எட்டாம் பின்னுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இரண்டு கிளிப்பையும் மாட்டினேன். எண் மெதுவாக ஏறி 468இல் நின்றது. இப்போது சேஸிஸின் ஒரு விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்கினேன். முப்பது டிகிரி, 468. அறுபது டிகிரி, 468. நிமிர்ந்து நிற்கப் போகும் நேரத்தில் உள்ளே ‘டிக்’ என்று ஊசி விழுந்ததுபோல ஒரு சின்னச் சத்தம். மீட்டர் 0.4 காட்டியது. கீழே இறக்கினேன், 468. ஏற்றினேன், 0.4. இப்படி ஏழெட்டு முறை செய்திருப்பேன். தேவையில்லைதான், ஆனால் ஐந்து நாள் அலைந்தவனுக்கு அது கேட்கக் கேட்க அலுக்கவில்லை.

பாகங்களைக் கோத்த போர்டின் திருகுகளைத் தளர்த்தி, ஒரு பக்கம் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்டுக்கும் சேஸிஸ் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு துண்டுக் கம்பி. முதல் மாற்றத்தில் கெபாசிட்டரின் காலை நறுக்கியபோது பறந்த துண்டு. ஒரு முனை நேராக, மறுமுனை இடுக்கி அழுத்தியதில் உளிபோலத் தட்டையாக. நீளம் ஒரு சென்டிமீட்டர் இருக்காது. சேஸிஸ் படுத்திருக்கும்போது அது தரையில் சமர்த்தாகப் படுத்திருக்கும். நிமிர்த்தினால் சறுக்கிப்போய், 470 ஓம் ரெசிஸ்டரின் கால் போர்டுக்கு அடியில் துருத்தும் இடத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே பாலம் போடும். கடிவாளம் அறுந்துவிடும்.

ட்வீசரால் எடுத்தேன். போர்டைத் தூக்கியதே தூக்கியது என்று சேஸிஸ் முழுவதையும் பிரஷ்ஷால் பெருக்கியதில் இன்னும் இரண்டு துண்டுகளும் ஒரு ஈய உருண்டையும் வந்தன. அவை எதைத் தொடக் காத்திருந்தனவோ.

பெட்டிக்குள் ஏற்றினேன். சிவக்கவில்லை. அரை மணி நேரம் வாசித்தேன். பிறகு, புதிதாக வைத்த ஃபீட்பேக் சுவிட்சை இன்னும் தொடவே இல்லையே என்று ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் அது துண்டித்த நிலையிலேயே இருந்திருக்கிறது. தட்டினேன்.

வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்படி ஓர் ஊளை.

நெகட்டிவ் ஃபீட்பேக் சேர்ந்தால் சத்தம் சற்றுக் குறைந்து தெளிய வேண்டும், இது அலறுகிறது. இரண்டாவது கோளாறு முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது, சுவிட்ச் அதை மறைத்து வைத்திருந்தது. நல்லவேளையாக, இதற்கு ஐந்து நாள் ஆகவில்லை. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன், ஊளை குறையவில்லை. அப்படியானால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால். சுவிட்சைத் துண்டித்தால் நிற்கிறது. அப்படியானால் ஃபீட்பேக் வளையத்துக்குள். திரும்பி வரும் சிக்னல் எதிர்த்திசையில் வந்து அடக்குவதற்குப் பதிலாக, அதே திசையில் வந்து தூக்கிவிடுகிறது. மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே காட்டினால் நடப்பது ஆம்புக்குள்ளேயே நடக்கிறது.

புது டிரான்ஸ்ஃபார்மரின் வயர்களை நிறம் பார்த்துத்தான் இணைத்திருந்தேன், அதில் தவறில்லை. எது எந்தச் சுருளின் முனை என்று நிறம் சொல்லும். ஆனால் எந்தத் திசையில் சுற்றியது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மரில் பொருந்திய திசை இதில் தலைகீழ். மூன்று இரவுகள் இதன்மேல் சந்தேகப்பட்டேன் இல்லையா, அது முழுக்க வீண் இல்லை. தப்பான குற்றத்துக்குச் சரியான ஆளைப் பிடித்திருக்கிறேன்.

பிளேட் பக்க வயர்கள் இரண்டை இடம் மாற்றினாலும் சரியாகும், ஸ்பீக்கர் பக்க வயர்கள் இரண்டை இடம் மாற்றினாலும் சரியாகும். இரண்டையும் மாற்றினால்தான் வம்பு. உயர் வோல்டேஜ் இல்லாத ஸ்பீக்கர் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜாக்கில் இரண்டே இணைப்புகள், பத்து நிமிட வேலை. கெபாசிட்டரை வடிப்பது மட்டும் இதற்கும் உண்டு. இப்போது சுவிட்சைத் தட்டினால் சத்தம் ஒரு படி அடங்கி, இறுக்கமாக, சுத்தமாக வருகிறது. துண்டித்தால் கொஞ்சம் முரட்டுத்தனம். ஆசைப்பட்டது இதற்குத்தான்.

இவ்வளவு பாடுபட்டு வைத்த முதல் மாற்றம்தான் பிடிக்காமல் போனது. 25 மைக்ரோஃபாராட் எல்லா அதிர்வெண்ணையும் சேர்த்துத் தூக்குகிறது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, இந்தக் கெபாசிட்டரோ அதற்கு வெகு கீழிருந்தே ஊக்கம் கொடுக்கிறது. கிட்டாரின் கழுத்துப் பக்கப் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) வாசித்தால் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மொத்தையான சத்தம். அதை எடுத்துவிட்டு 0.68 மைக்ரோஃபாராட் வைத்தேன். அடித்தொனி பழையபடி இருக்க, நடுவும் மேலும் மட்டும் முன்னே வந்தன. இந்த முறை கால்களை நறுக்கும்போது துண்டை விரலால் பிடித்துக்கொண்டேதான் நறுக்கினேன்.

இன்னும் ஒன்று பாக்கி. ஆம்ப் சும்மா இருக்கும்போது மெலிதாக ஒரு ‘ம்ம்ம்’ கேட்கிறது, முன்பு இந்த அளவுக்கு இல்லை. 5ஒய்3ஐப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். வால்வுகளுக்கு உயர் வோல்டேஜே கிடையாது, ஆனாலும் ஸ்பீக்கரில் அதே ‘ம்ம்ம்’. ஆக, அது சர்க்யூட் வழியாக வரவில்லை. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் புது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் நேராக இறங்குகிறது. பெரியதாக வாங்கியதற்கான கூலி. திருகுகளைக் கழற்றிக் கையால் தொண்ணூறு டிகிரி திருப்பிப் பிடித்தால் பாதிக்கு மேல் அடங்குகிறது. அந்த நிலையில் பொருத்த சேஸிஸில் இரண்டு புதுத் துளைகள் போட வேண்டும். அடுத்த வாரம் செய்யலாம் என்றிருக்கிறேன், போர்டை முழுதாகக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு.