டப்ளினில் ஐரிஷ் செஷன்: எங்கே கேட்பது, எங்கே உட்காருவது

டப்ளினுக்குப் புதிதாக வந்தவர்களை எல்லோரும் டெம்பிள் பார் என்ற பப் பகுதிக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே மைக்கும் கிட்டாருமாக ஒருவர், சுற்றுலாக்காரர்கள் கேட்கும் பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார். ஒருமுறை பார்த்தால் போதும்.

செஷன் என்பது வேறு. பப்பின் ஒரு மூலையில் மேடையோ மைக்கோ இல்லாமல், ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து தங்களுக்காக வாசிப்பது. பிடில், மரப் புல்லாங்குழல், டின் விசில் என்ற தகரக் குழல், கையால் விரித்து அமுக்கும் சின்னத் துருத்திப் பெட்டியான கான்செர்டினா இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பைக்குழலும் கேட்கலாம். இல்லன் என்றால் முழங்கை. அதால் துருத்தியை அமுக்கி வாசிப்பார்கள். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊத ஆள் வேண்டும். இதில் சுருதிக் குழல்களும் சேர்ந்தே இருக்கும்.

லுவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் ஸ்மித்ஃபீல்டில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில், செஷன் நடக்கும் காபிள்ஸ்டோன் பப். 2021-இல் இங்கே ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது, ஜனங்கள் சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்துவிட்டது.

ஒன்பது மணி என்று போட்டிருந்தால் ஒன்பதரைக்குத்தான் சூடு பிடிக்கும். ஆனாலும் எட்டரைக்கே போய் இடம் பிடியுங்கள். வாசிப்பவர்களின் மேசையை ஒட்டிய ஸ்டூல் காலியாகத் தெரிந்தாலும் உட்காரக் கூடாது. அது தாமதமாக வரும் கலைஞருக்கு. நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். குடிக்காதவர்கள் ராக் ஷாண்டி கேட்கலாம். ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்த சோடா. கவுண்டரில் நீங்களே போய் வாங்க வேண்டும். ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டுவது மரியாதை இல்லை.

ஒரு மெட்டில் பொதுவாக இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் எட்டு பார் (தாளச் சுற்று), இருமுறை. ஆக 32 பார். அதைப் பெரும்பாலும் மூன்று தடவை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தாவும் இடத்தில் முடிந்துவிட்டது என்று கைதட்டினால் நீங்கள் புதுசு என்று தெரிந்துவிடும். ஜிக் என்ற நடன மெட்டுக்குத் தாளம் தகிட தகிட. ஸ்லிப் ஜிக்குக்கு மூன்று தகிட. தாளம் போடக் கை துடிக்கும்தான், தொடையோடு நிற்கட்டும், மேசையில் வேண்டாம். யாராவது வாத்தியமில்லாமல் தனியாகப் பாட ஆரம்பித்தால் கிசுகிசுப்புகூடக் கூடாது.

வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று வாரம் கேட்டுவிட்டு, நடத்துபவரிடம் அனுமதி கேளுங்கள். வயலினை ச-ப-ச-ப என்று கூட்டிக்கொண்டு போனால் சேராது. ஜி-டி-ஏ-இ என்று மாற்றுங்கள். புல்லாங்குழல்காரர்கள் டி சுருதி டின் விசில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். விலை பத்துப் பதினைந்து யூரோதான். ஆனால் நமக்கு இரண்டு துளை மூடினால் ச, அதில் ஆறும் மூடினால்தான் ச; விரல் பழக நாளாகும். கஞ்சிராவை வீட்டிலேயே வையுங்கள். போரான் என்ற ஐரிஷ் ஆட்டுத்தோல் கைப்பறையே ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் முகம் சுளிப்பார்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இரவு ஒன்பதுக்கு மேல் பப்பில் இருக்கச் சட்டம் விடாது. மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி. குழந்தைகள் இருந்தால் கால்வே நகரத்து டிக் கோய்லி பப்புக்குப் போகலாம். தினமும் இரண்டு செஷன், முதலாவது மாலையிலேயே. ஜூலையில் என்றால் கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பே. 1973 முதல் அங்கே வில்லி கிளான்சி கோடைப் பள்ளி என்ற ஐரிஷ் இசைப் பயிற்சி வாரம் நடக்கிறது. அந்த வாரம் ஊர் முழுக்க வாசிப்புதான். சின்ன ஊர், அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள்.