ஐப்பசி ஸ்டீல்ஹெட்: உப்புவெளியில் ஒத்திகை

ஐப்பசி பிறந்தால் திருகோணமலையில் கரைத் தூண்டில்காரருக்கு வேலை குறைந்துவிடும். கச்சான் காற்று ஓய்ந்து வாடை எழும்பும், அடைமழை பிடிக்கும், உப்புவெளிக் கரையில் அலை ஆளையே தள்ளும். இந்த ஐப்பசிக்கு நான் ஊரில் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில் பெரிய மாமாவின் மகளுக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு அவளுடைய தமையனும் நானும் காரை எடுத்துக்கொண்டு ஒன்ராறியோ ஆறுகளில் ஃப்ளை தூண்டிலோடு ஸ்டீல்ஹெட் மீன் தேடிப் போவதாக ஏற்பாடு. ஆயத்தம் எதுவரை வந்திருக்கிறது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டீல்ஹெட் தனி இனம் இல்லை. ரெயின்போ ட்ரவுட்தான். ஆற்றில் பிறந்து, பெருநீருக்குப் போய்க் கொழுத்து, முட்டையிடத் திரும்பவும் ஆறு ஏறுகிற வகை. பசிபிக் கரையில் அது கடலுக்குப் போய் வரும், ஒன்ராறியோவில் ஏரிக்குப் போய் வரும். பெரும் ஏரிகளுக்கு அது சொந்த மீனும் இல்லை, 1870களில் இருந்து கொண்டுவந்து விட்டது. நம் நுவரெலியாப் பக்கத்து ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில், வெள்ளைக்காரர் காலத்தில் விட்ட ட்ரவுட்டும் இதே ரெயின்போதான். "அப்ப நுவரெலியாவுக்குப் போய்ப் பழகன்" என்றார் அம்மா. தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு போக அனுமதி தேடும் அலைச்சல் ஒருபக்கம். மற்றப்பக்கம், சின்ன ஓடைக்கு நாலாம் எடைத் தூண்டில் போதும், ஏரியில் இருந்து ஏறி வரும் மீனுக்கு ஏழோ எட்டோ வேண்டும். கை வேலையே வேறு. மச்சான் போன முறை வந்தபோது விட்டுப்போன ஒன்பது அடி, எட்டாம் எடைத் தூண்டில் நம் கடற்கரையில் கட்டாவுக்கும் பாரைக்கும் அளவானது. அதனால் ஒத்திகை இங்கேயே.

எடை என்று சொல்வது நூலின் எடையை. வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், தங்கூசி அதன் பின்னால் போகும். ஃப்ளை தூண்டிலில், ஃப்ளை எனப்படும் இறகு சுற்றிய முள்ளுக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம், தடித்த நூல்தான் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும். அந்த நூல்தான் முதலில் என்னைப் படுத்தியது. மச்சான் தந்தது குளிர்நீருக்குச் செய்த நூல். நம் வெயிலில் ஒன்பது மணி ஆனதும் மேற்பூச்சு இளகி, வளையங்களில் ஒட்டிக்கொண்டு ஓட மறுக்கும். வெப்ப நாட்டுக்கென்று தனியாக விற்கும் நூலை அங்கே கொண்டுபோனால் கதை தலைகீழ், குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக நிற்குமாம். ஒரே தூண்டில் இரண்டு நாட்டுக்கும் ஆகும், ஒரே நூல் ஆகாது. வேறு நூல் வாங்கக் காசில்லை, ஆகவே விடியற்காலையில் எழும்பிப் போகிறேன்.

விடியலில் போக இன்னொரு காரணம் காற்று. உப்புவெளி கிழக்குப் பார்த்த கரை, கச்சான் தரையில் இருந்து முதுகுப் பக்கமாக அடிக்கும். பின்காற்று நல்லதுதானே என்று தோன்றும். முன்வீச்சுக்கு நல்லது, ஆனால் பின்வீச்சில் நூல் நீளமாக விரியாமல் காற்றில் மடிந்து காதோரம் விழும். பின்னால் பதிவாக, வேகமாக அடித்து, முன்னால் உயர்த்தி விட்டால் காற்றே நூலைத் தூக்கிக்கொண்டு போகிறது. இதைச் சொல்லித் தந்தது வீடியோ, கைக்கு வரவைத்தது தோள்வலி. கரைவலைக்காரர் ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, இது மீன் பிடிக்கிறதோ, மாட்டுக்குச் சாட்டை சுத்துறதோ?" என்று கேட்டார். அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. டச் பே புல்தரையில் பழகியபோது முள்ளுக்குப் பதிலாகக் கட்டியிருந்த செம்மஞ்சள் கம்பளி நூலை ஒரு மான் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஊர் மான்களுக்கு எதிலும் பயமில்லை.

ஆற்றங்கரையில் முதுகுக்குப் பின்னால் மரம் நிற்கும், பின்வீச்சுக்கு இடம் இருக்காது. அங்கே ரோல் காஸ்ட்தான் வழி: நூலைத் தண்ணீரில் கிடக்கவிட்டு, தூண்டிலை மெதுவாகக் காதுவரை கொண்டுவந்து, ஒரே அடியில் முன்னால் சுருட்டி எறிவது. தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டால்தான் தூண்டில் வளையும், புல்தரையில் இது சரிவராது. அதற்கு உட்துறைமுகக் கரை நல்ல இடம், அலையே இல்லை.

அப்புறம் சாம்பல்தீவுப் பாலம். களப்புத் தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம் அங்கே ஓரளவு ஆறு மாதிரியே ஓடும். கடலில் நாம் ஃப்ளையைச் சூடை மீன் ஓடுவதுபோல விட்டுவிட்டு இழுப்போம். சூடையைப்போல நான் கட்டிய வெள்ளை ஃப்ளையில் ஒரு சின்னப் பாரை அடித்தது அப்படித்தான். ஸ்டீல்ஹெட்டுக்குப் பெரும்பாலும் நேர்மாறு. முட்டை ஃப்ளை, ஓடும் தண்ணீரின் வேகத்திலேயே, கயிறு கட்டாத பொருள்போல மிதந்து போக வேண்டும். நூலின் நடுப்பகுதியை நீரோட்டம் இழுத்தால் அதைத் தூக்கி நீரோட்டத்தின் மேற்பக்கமாகப் போட வேண்டும். என் இடது கை இன்னும் தானாக இழுக்கிறது.

முட்டை ஃப்ளை ஏன் என்றால், செப்டெம்பரில் இருந்து சினூக் சல்மன் ஆறு ஏறி முட்டையிடும், பின்னால் வரும் ஸ்டீல்ஹெட் அந்த முட்டைகளைத் தின்னும். கம்பளி நூலை முள்ளில் கட்டிக் கத்தரித்தால் முட்டை தயார். மற்ற ஃப்ளைகளுக்குச் சேவலின் கழுத்திறகும் மயிலிறகின் இழையும் வேண்டும். இரண்டுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் இறகுப் பொதியோடு போய் ரொறன்ரோ விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவற்றை அங்கேயே வாங்குவோம்.

முடிச்சுப் போடுவதில் குறையில்லை, ஆனால் குளிரில் விரல் மரத்துப்போகும் என்று மச்சான் பயமுறுத்தினான். மீன் வாடியில் ஐஸ் வாங்கி வந்து, வாளித் தண்ணீரில் கையை வைத்திருந்து எடுத்துக் கட்டிப் பார்த்தேன். இரண்டு தங்கூசிகளை இணைக்கும் பிளட் முடிச்சில் மெல்லிய நுனி எங்கே என்றே விரலுக்குத் தெரியவில்லை. நுனியைப் பல்லால் பிடித்தால் நடக்கிறது.

இனிப் பயணம். எனக்குத் தேதி போட்ட அட்டவணை வேண்டும் என்றிருந்தது, மச்சான் கேட்கவில்லை. அவன் சொல்வது சரிதான். வானம் வறண்டால் ஆறு கண்ணாடிபோலத் தெளிந்து, மீன் ஏரியிலேயே நிற்கும். மழை பெய்தால் ஏறும், ஆனால் கலங்கல் வடியும்வரை ஃப்ளையை அது பார்க்காது. மழைக்குப் பின் தண்ணீர் இறங்கி, பச்சை கலந்த நிறத்துக்கு வரும் ஒன்றிரண்டு நாளே நல்ல நேரம். அதனால் இரண்டு வழிகள் வைத்திருக்கிறோம். போர்ட் ஹோப்பில் ஒன்ராறியோ ஏரியில் விழும் கனராஸ்கா சின்ன ஆறு, சீக்கிரம் தெளியும், ஸ்காபரோவில் இருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். மீன் ஏறிப்போக அணையில் ஏணி கட்டியிருக்கிறார்கள், தூண்டில் இல்லாமல் பார்க்கவே போகலாம். மழை கூடுதலாகப் பெய்து கலங்கினால் அங்கேதான் முதலில். மேற்கே கோட்ரிச்சில் ஹியூரன் ஏரியில் கலக்கும் மெயிட்லன்ட் பெரிய ஆறு, வயல்வெளித் தண்ணீரெல்லாம் வந்து சேரும், தெளிய நாளெடுக்கும். அது இரண்டாவது. கனடா அரசு ஆற்றின் நீரோட்டத்தைச் செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் என்று இணையத்தில் உடனுக்குடன் போடுகிறது. நான் இங்கே தேநீர் குடித்துக்கொண்டே மெயிட்லன்டின் அளவைப் பார்க்கிறேன். மச்சான் அந்தந்த நாளின் தண்ணீர் நிறத்தைப் படமெடுத்து அனுப்பும்போது எண்ணும் நிறமும் மெல்லமெல்லப் பொருந்தி வருகின்றன.

அனுமதிப்பத்திரத்தில் வெளிநாட்டவருக்கு எட்டு நாள் வகை இருக்கிறது, அதோடு அவுட்டோர்ஸ் கார்ட் ஒன்றும் எடுக்க வேண்டும். குறைவாக மீன் வைத்திருக்க அனுமதிக்கும் மலிவான பாதுகாப்பு வகையே எங்களுக்குப் போதும், பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விடப்போகிறோம். "அவ்வளவு தூரம் போய்ப் பிடிச்சதை விடவோ?" என்று அம்மாவுக்குக் கோபம். மாகாணம் 20 மீன்பிடி வலயங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரே ஆற்றில் மேற்பகுதி செப்டெம்பர் முடிவோடு மூடப்பட்டு, கீழ்ப்பகுதி மட்டும் திறந்திருப்பதும் உண்டு. கரையில் பாதி தனியார் தோட்டம், கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். எந்தப் பாலத்தில் இறங்கலாம் என்று மச்சான் வரைபடத்தில் குறித்துக்கொண்டிருக்கிறான்.

பாக்கி இருப்பது வேடர் (wader), அதாவது ஆற்றில் இறங்கி நிற்கப் போடும், நெஞ்சுவரை வரும் தண்ணீர் புகாத காற்சட்டை. என் அளவு காலுக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு வேட்டி, ஆற்றுக்குக் கம்பளிக் காலுறை: இரண்டும் ஒரே பெட்டியில் 23 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.