26 படங்களும் ஒரு ரிமோட்டும்

2003-ஆம் ஆண்டில் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டிற்கு முதல் டிஜிட்டல் கேமரா வந்து சேர்ந்தது. சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி அதை வாங்கி வந்த அப்பா, இனி ஃபிலிம் ரோலும் வேண்டாம், ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம், தோன்றும்போதெல்லாம் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கூடத்தில் நின்று அறிவித்தார். சட்டைப் பையில் அடங்கிவிடும் அந்த வெள்ளி நிறப் பிளாஸ்டிக் பெட்டியில் ஃபிளாஷ் கிடையாது. எடுத்த படத்தை உடனே பார்க்கவும் வழி கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துவாரமும், இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று காட்டும் இரண்டு இலக்க எண்ணும்தான் இருந்தன. 640-க்கு 480 என்ற அளவில் எடுத்தால் 26 படங்கள் கொள்ளும். தரத்தைக் குறைத்தால் நூறை நெருங்கலாம். ஆனால் படத்தில் இருப்பது பெரியப்பாவா, பின்னால் நிற்கும் தூணா என்று எடுத்தவரே சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்.

துவாரத்தில் தெரிந்ததும் லென்ஸ் பார்த்ததும் ஒன்றாக இருந்ததில்லை. துவாரம் லென்ஸுக்கு மேலே இருந்ததால், அருகில் நிற்பவர்களின் நெற்றிக்கு மேற்பட்ட பகுதி படத்தில் சேராது. பொத்தானை அழுத்தினால் ஒரு ‘பீப்’ ஒலிக்கும். சற்றே யோசித்து இன்னொரு ‘பீப்’ ஒலிக்கும். இரண்டிற்கும் இடையில் எந்த நொடியில் படம் பதிவாகிறது என்பது அந்தக் கேமராவுக்கே வெளிச்சம். ஆகவே, இரண்டாவது பீப் கேட்கும் வரை யாரும் அசையக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். காலையில் பால் ஊற்ற வந்தவர்கூட அதற்குக் கட்டுப்பட்டு, அளவுக் குவளையைச் சாய்த்த நிலையிலேயே சிலையாக நின்றுவிட, ஊற்றிய பாலில் பாதி வாசல் கோலத்திற்குப் போனது. படத்தில் பாலும் இல்லை, அவருடைய தலையும் இல்லை.

மாலையில் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் வேறு விதமான தொல்லை வந்தது. நம் ஊர் மின்சாரத்தில் டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்குவதும், இந்த மலிவுக் கேமராக்கள் காட்சியை ஒரே வீச்சில் எடுக்காமல் வரி வரியாகப் படிப்பதும் சேர்ந்து, படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகளை விழச் செய்தன. பன்னிரு திருமண் தரித்து, ரங்கநாதரைச் சேவித்துவிட்டுத்தான் காபியையே தொடும் எங்கள் தாத்தா, கணினித் திரையில் விபூதிப் பட்டை அடித்தாற்போலத் தோன்றினார். சிறிது நேரம் உற்றுப் பார்த்தவர், அந்தப் படத்தை அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணனுக்கு அனுப்பக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இந்தப் பாடங்களையெல்லாம் கற்றுத் தேர்ந்திருந்ததால், நவராத்திரிக் கொலுவை நண்பகலில், வாசல் கதவையும் ஜன்னல்களையும் திறந்து வைத்துப் படம் எடுத்தோம். தசாவதாரம், கல்யாணச் செட்டு, அரிசி பருப்புடன் கடை விரித்திருந்த செட்டியார் தம்பதி என்று ஒவ்வொரு படியாக எடுத்தோம். பொம்மைகள் அசையாமல் நிற்கும் என்பதால் அப்பா நிம்மதியாக இருந்தார். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை மட்டும் இரண்டாவது பீப்புக்குக் காத்திருக்கவில்லை. அம்மா சுண்டல் கிண்ணத்துடன் நின்றது கடைசிப் படம். எண் பூஜ்யமாயிற்று.

அன்று இரவு ஒன்பது மணித் தொடர் தொடங்கும் நேரத்தில் டிவி ரிமோட் உயிரை விட்டது. அதற்கும் கேமராவுக்கும் ஒரே அளவுப் பென்சில் பேட்டரி என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அத்தைதான். தொடர் முடிந்ததும், பொறுப்பாக, பேட்டரிகளைக் கேமராவிலேயே திரும்பப் போட்டுவிட்டார்.

விலை குறைந்த அந்தக் கேமராக்கள் பலவற்றில், படங்கள் தங்கியிருந்த நினைவகம் மின்சாரம் இருக்கும் வரைதான் நினைவோடு இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் அத்தனையும் துடைத்தெடுத்தாற்போலப் போய்விடும். 1975-இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் படம் நாடாவில் தங்கியது. கால் நூற்றாண்டுக்குப் பின் வந்த எங்கள் கேமராவுக்கு அந்தக் குணம்கூட இல்லை.

மறுநாள் கேமராவைக் கணினியில் இணைத்த அப்பா, விண்டோஸ் 98 வழக்கம்போல ஏதோ கோளாறு செய்கிறது என்று கருதி, கணினியை அணைத்து அணைத்துப் போட்டார். அத்தையோ கேமராவை வாங்கிப் பார்த்து, “எடுத்ததை எடுத்த இடத்திலேயே வெச்சுட்டேனே அண்ணா! பாருங்கோ, 26 படமும் அப்படியே இருக்கு” என்று எண்ணைக் காட்டினார். அந்த எண் இனி எடுக்கக்கூடிய படங்களின் கணக்கு என்பதை விளக்கும் தெம்பு அப்பாவுக்கு அப்போது இல்லை. பேட்டரி போன கதை தெரிந்ததும், கேமராவைப் பூட்டி வைப்பதா, ரிமோட்டைப் பூட்டி வைப்பதா என்று நீண்ட விவாதம் நடந்தது. முடிவில் பூட்டப்பட்டது கேமராதான்; தொடர் வாரத்தில் ஐந்து நாள் வருகிறது, கொலு வருடத்திற்கு ஒருமுறைதானே வருகிறது என்பது அத்தையின் வாதம்.

கொலுவைப் பார்க்க முடியாத அண்ணன், அதே கேமராவை யுஎஸ்பி கம்பியில் செருகினால் வெப்கேமாகவும் வேலை செய்யும், மின்சாரம் கணினியிலிருந்தே வருவதால் பேட்டரிச் சண்டைக்கு இடமில்லை என்று தெரிவித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டயல்-அப் இணைப்பின் கூச்சல் அடங்கி யாஹூ மெசஞ்சர் திறந்தவுடன், பாட்டி பட்டுப் புடவையில் நடுவிலும் மற்றவர்கள் இரு பக்கங்களிலுமாக, கொலுப் படிக்கட்டின் முன்னால் விறைப்பாக அமர்ந்தோம். சற்று நேரத்தில் அண்ணன் தட்டச்சு செய்த வரி திரையில் வந்தது: படம் உறைந்துவிட்டது, இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடியும் வாருங்கள். அப்பா அப்படியே செய்தார். மறுபடியும் அதே வரி வந்தது. மூன்றாம் முறை துண்டிக்கக் கையை நீட்டியவரிடம், உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கு வழியாகப் பாட்டி சொன்னார்: “ஏண்டா அவசரப்படறே? இன்னும் ரெண்டாவது பீப்பே வரலையே.”